துடைப்பமும் பூதக்கண்ணாடியும்

எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கரப்பான் பூச்சி வந்தால் செருப்பு. பல்லி வந்தால் 'சூ' என்றொரு சத்தம். எட்டுக்கால் பூச்சி வந்தால் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் துடைப்பம். அந்தச் சட்டத்தை ஒரு மாலையில் நானே நிறைவேற்றினேன். அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்று என் தம்பி என்னை வீராங்கனை என்று புகழ்ந்தான். அந்தப் புகழ்ச்சி இன்றுவரை என் மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு விடுதியிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பக்கம் எங்கள் ஊர். ஊரின் பெயரை எழுதாமல் விடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அப்பத்தாவின் வீடு பழைய ஓட்டு வீடு. அதன் கிழக்குப் பக்கம் இரண்டு புளிய மரங்கள் நின்றன. அப்பத்தா அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறு ஆண்டுதான் 1964 டிசம்பர்ப் புயல் அடித்து, தனுஷ்கோடி அழிந்தது. அந்தப் புயலிலும் சாயாத மரங்கள் அவை. அவற்றில் ஒன்றை அந்த விடுமுறைக்கு முந்தைய வாரம் வெட்டியிருந்தார்கள். சமையற்கட்டை நீட்டிக் கட்ட இடம் போதவில்லையாம்.

மாலையில் குடும்பமாக அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டாம் பத்து மணி முடியும் நேரம். "அக்கா, அங்கே பார்!" என்று தம்பி அலறினான். மாதா சுரூபத்துக்கு மேலே, வெள்ளைச் சுவரில், விரித்த கை அளவுக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி. அவ்வளவு பெரியதை நான் பார்த்ததே இல்லை. அம்மா எழுந்து பின்வாங்கினார். அப்பா வீட்டில் இல்லை. நான் துடைப்பத்தை எடுத்தேன். முதல் அடியில் அது கீழே விழுந்தது. இரண்டாம் அடியில் அசைவு நின்றது. வாரி வெளியே தள்ளிவிட்டு, கையைக் கழுவி வந்து, மூன்றாம் பத்து மணியைத் தொடர்ந்தேன்.

அப்பத்தா மட்டும் பாயை விட்டு எழவில்லை. செபம் முடிந்து எல்லாரும் 'ஸ்தோத்திரம்' சொன்ன பிறகு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "அது புளியமரத்து ஆளுடி. ரொம்ப வருசமா அந்தப் பொந்துல இருக்கும். நாம அது வீட்டை வெட்டுனோம். போக்கிடம் இல்லாம நம்ம வீட்டுக்கு வந்துச்சு. நீ அதையும் அடிச்சுட்டே."

திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்பத்தாவுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் பூச்சிக்கெல்லாம் இரக்கப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டு தூங்கப் போய்விட்டேன்.

அந்தச் சம்பவத்தை நான் மறந்தே போயிருப்பேன். பதினொன்றாம் வகுப்பில் எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரி வகைப்பாட்டியல் பாடம் நடத்தியபோதுதான் அது திரும்பி வந்தது.

"ஒரு புதிய உயிரைக் கண்டுபிடிப்பது வேறு, அதை விவரிப்பது வேறு" என்று சிஸ்டர் தொடங்கினார். "கண்ணில் படுவது ஒரு நொடி வேலை. விவரிப்பது மாதக்கணக்கான வேலை. விவரித்துப் பெயர் சூட்டி அச்சில் வராதவரை அந்த உயிருக்கு அறிவியல் உலகில் முகவரியே கிடையாது." பிறகு வகுப்பைப் பார்த்து, "இராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்றார். மூவர் எழுந்தோம். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று பயந்தபோது, சிஸ்டர் கரும்பலகையில் ஒரு நீண்ட பெயரை எழுதினார்: பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா.

"இது உங்கள் ஊர்ப் பக்கத்துச் சிலந்தி. இராமேசுவரத்தில் கிடைத்தது. 2004ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆங்கிலேயர் இதைப் புதிய இனம் என்று விவரித்தார். இராமேசுவரத்து ஹனுமவிலாசம் கோயிலின் பெயரைத்தான் இதற்கு வைத்தார். மரப் பொந்திலும் பட்டைக்கு அடியிலும் வாழும். 2008இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது" என்றார்.

அந்த நொடியில் வகுப்பறைச் சுவர் எனக்கு மறைந்துபோயிற்று. மாதா சுரூபத்துக்கு மேலிருந்த வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. உட்காரச் சொல்லியும் நான் உட்காரவில்லை என்று பக்கத்துத் தோழி பின்னர் சொல்லிச் சிரித்தாள்.

வகுப்பு முடிந்ததும் சிஸ்டரிடம் ஓடி நடந்ததைச் சொன்னேன். "நான் கொன்றது அதுவாக இருக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அது எப்படி இருந்தது? விவரித்துச் சொல், பார்க்கலாம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். "பெரியது, சிஸ்டர். சாம்பல் நிறம்... கருப்பாகவும் இருந்தது... பயங்கரமாக இருந்தது." அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. துடைப்பத்தை ஓங்கும் நேரத்துக்குத்தான் அதை நான் பார்த்திருந்தேன்.

அடுத்த வாரம் சிஸ்டர் எங்கள் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தார். பள்ளித் தோட்டத்தில் ஆளுக்கொரு சிலந்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தொடக்கூடாது, பிடிக்கக்கூடாது. ஒரு வாரம் தினமும் பார்த்து விவரித்து எழுத வேண்டும். அந்த எழுத்தைப் படித்த இன்னொருத்தி, அதே சிலந்தியை மற்றச் சிலந்திகளிலிருந்து பிரித்து அடையாளம் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் எழுதியவளுக்கு மதிப்பெண். சோதனைக் கூடத்திலிருந்து ஆளுக்கொரு பூதக்கண்ணாடியும் கிடைத்தது.

லூர்து மாதா கெபிக்குப் பின்னாலுள்ள செம்பருத்திச் செடியில் வலை பின்னியிருந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். வலையின் நடுவே வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டதுபோல் தையல். அதன்மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நீட்டி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் நான் எழுதியது மூன்றே வரிகள்: "பெரிய சிலந்தி. மஞ்சள் நிறம். பார்க்கப் பயங்கரமானது." சிஸ்டர் சிவப்பு மையால் 'பயங்கரமானது' என்ற சொல்லை அடித்தார். பக்கத்தில் இப்படி எழுதினார்: "இந்தச் சொல் சிலந்தியைப் பற்றியது அன்று, உன்னைப் பற்றியது." 'பெரிய' என்பதற்கும் ஒரு வட்டம்: "எதைவிடப் பெரியது? எத்தனை மில்லிமீட்டர்?"

எனக்குக் கோபமும் அழுகையும் வந்தன. ஆனால் மறுநாள் காலையில் அளவுகோலோடு போனேன். வலையைத் தொடாமல் பக்கத்தில் பிடித்து அளந்தேன். வயிற்றின் மேற்புறத்தில் மஞ்சள், வெள்ளைப் பட்டைகள் மாறி மாறி இருந்ததை எண்ணினேன். மூன்றாம் கால் மற்றவற்றைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டேன். ஐந்தாம் நாள் மழை பெய்தது, வலை கிழிந்தது, மறுநாள் புதிய வலை அதே இடத்தில் இருந்தது. ஏழாம் நாள் என் எழுத்தைப் படித்த தோழி நேராகச் செம்பருத்திச் செடிக்குப் போய், "இதுதானே?" என்றாள். எனக்குப் பரிசு கிடைத்த நாட்களில்கூட அவ்வளவு மகிழ்ந்ததில்லை. அந்தச் சிலந்திக்கு ஆர்ஜியோப் அனசூயா என்று 1887ஆம் ஆண்டிலேயே தோரெல் என்பவர் பெயர் சூட்டிவிட்டார் என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு ஏமாற்றமே இல்லை. நம்மூர்ப் பெண்ணின் பெயர் போலல்லவா இருக்கிறது!

நாங்கள் ஒரு வாரம் செய்தது விளையாட்டு. உண்மையில் ஒரு புதிய இனத்தை விவரிப்பவர் செய்வது என்னவென்று சிஸ்டர் கொடுத்த நூல்களிலிருந்து தெரிந்துகொண்டேன். முதலில் ஒரு மாதிரி உயிர் வேண்டும். அதைச் சாராயக் கரைசலில் பதப்படுத்தி, கிடைத்த இடமும் நாளும் எழுதிய சீட்டோடு அருங்காட்சியகம் போன்ற பொது இடத்தில் வைக்க வேண்டும். எதிர்காலத்தில் யாருக்கு ஐயம் வந்தாலும் அந்த ஒரு மாதிரியே சாட்சி. பிறகு அதே பேரினத்தில் முன்பு பெயர் பெற்ற ஒவ்வோர் இனத்தோடும் ஒப்பிட வேண்டும். கண்கள் அமைந்திருக்கும் வரிசை, ஒவ்வொரு காலின் ஒவ்வொரு கணுவின் நீளம், மயிர்களின் அமைப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியின் கீழ் பார்த்து வரைய வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஆண் சிலந்தியின் உணர்கொம்பு போன்ற முன்னுறுப்பின் நுனியும், பெண் சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பின் உள்ளமைப்பும் பூட்டும் சாவியும் போல இனத்துக்கு இனம் வேறுபடும். "இது மற்றவற்றிலிருந்து இன்னின்ன வகையில் வேறுபட்டது" என்று காரணம் காட்டி அச்சிட்ட பிறகே பெயர் செல்லும்.

சிலந்திகளுக்கு இந்தப் பெயர் ஏட்டில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. விலங்குகளின் அறிவியல் பெயர்களெல்லாம் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அதற்கு முந்தைய பெயர்கள் செல்லாது. ஒரே விதிவிலக்கு, சுவீடன் நாட்டுக் கிளெர்க் என்பவர் 1757இல் சிலந்திகளைப் பற்றி எழுதிய நூல். அன்று தொடங்கிய கணக்கு, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 50,000 இனங்களைத் தொட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அருங்காட்சியகம் அந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது. இன்னும் பெயர் பெறாதவை அதே அளவுக்கு இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தொடக்கநூலில் ஆதாம் எல்லா உயிர்களுக்கும் பெயரிட்டதாக மறைக்கல்வி வகுப்பில் படித்தோம் அல்லவா? அந்த வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது போலும்!

எங்கள் பக்கத்துச் சிலந்தியின் பேரினத்தைப் பற்றி மேலும் தேடிப் படித்தேன். பீசிலோதீரியா என்றால் கிரேக்க மொழியில் 'பல வண்ண விலங்கு' என்று பொருள். 1885இல் சீமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்த பெயர். உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இயற்கையாக இவை இல்லை. வலை பின்னி இரைக்காகக் காத்திருப்பவை அல்ல இவை. பகலெல்லாம் மரப்பொந்தில் ஒடுங்கியிருந்து, இரவில் வெளியே வந்து பூச்சிகளைப் பிடிப்பவை. கடித்தால் கடுமையாக வலிக்கும். சில நாட்கள் தசைப்பிடிப்பும் இருக்கும். ஆகவே கையால் தொடக்கூடாது. ஆனால் இவை கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. என் துடைப்பத்தால் அது இறந்ததற்கு நானே சாட்சி.

இந்தக் குடும்பத்தில் மூன்று கதைகள் என் மனத்தைத் தொட்டன.

முதல் கதை ஆந்திர மாநிலத்துக் கூத்தி என்ற ஊரில் நடந்தது. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் மின்னும் நீல நிறத்தில் ஒரே ஒரு சிலந்தி கிடைத்தது. இலண்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த போகாக் என்பவர் 1899இல் அதைப் பீசிலோதீரியா மெட்டாலிகா என்று விவரித்தார். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் உலகில் யார் கண்ணிலும் அது படவில்லை. 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி காணப்பட்டது. அது கூத்தியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு. வெட்டிய மரத்தோடு சேர்ந்து ரயிலில் பயணம் செய்துதான் அந்த முதல் சிலந்தி கூத்திக்கு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மரம் போனால் அதன் குடித்தனக்காரனும் கூடவே போக வேண்டியதுதான்.

இரண்டாம் கதை இலங்கையின் வடக்கே, மாங்குளம் பக்கத்தில் நடந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த 2009ஆம் ஆண்டில், ஊர்மக்கள் ஓர் ஆண் சிலந்தியின் உடலை ரணில் நாணயக்கார என்ற ஆய்வாளரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருடைய குழுவினர் அதற்குமுன் பார்த்திராத வகை அது. மேலும் தேடினார்கள். பழைய மரங்களிலும், மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் அவை கிடைத்தன. கால் விரித்தால் 20 சென்டிமீட்டர் அளவு. கால்களில் மஞ்சள் குறிகள். வயிற்றுப் பக்கத்தில் இளஞ்சிவப்புப் பட்டை. போரினால் சிதைந்த அந்தப் பகுதியில் தங்களுக்கு வழிகாட்டி உதவிய காவல்துறை அதிகாரி ராஜகுமாரின் நினைவாக, 2012இல் அதற்குப் பீசிலோதீரியா ராஜே என்று பெயர் சூட்டினார்கள். பழைய பெரிய மரங்கள் குறைந்துவிட்டதால்தான் அவை பாழடைந்த கட்டடங்களுக்குள் புகுகின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்பத்தா பாயில் உட்கார்ந்தபடி சொன்னதையேதான் ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றும் உறைத்தது. அந்த ஊர்மக்கள் கையிலிருந்ததும் உயிரற்ற சிலந்திதான்; என் துடைப்பத்தின் கீழ் கிடந்ததும் உயிரற்ற சிலந்திதான். அவர்கள் அதைத் தெரிந்தவரிடம் காட்டினார்கள். நான் குப்பையில் தள்ளினேன்.

மூன்றாம் கதை கடலைத் தாண்டியது. இராமேசுவரத்துச் சிலந்தி நம் கரைக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தார்கள். 2015இல் அது இலங்கையின் மன்னார் மாவட்டத்திலும் இருப்பதாக ஆய்வுக் கட்டுரை வந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். நீந்தத் தெரியாத ஒரு மரச்சிலந்தி இரு கரைகளிலும் இருப்பது எப்படி? பனியுகக் காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை அப்போது நிலமாக இருந்தது. மரங்களும் அவற்றின் குடிகளும் இரு பக்கமும் பரவ அந்த நிலமே பாதை. கடல் பிரித்தது பிறகுதான். அப்பத்தாவின் உறவினர் சிலரும் அந்தக் கரையில் இருந்தார்கள். 1964 புயலுக்கு முன் ரயிலிலும் கப்பலிலும் ஏறிப் போய்வந்த கதையை அவர் அடிக்கடி சொல்வார். "எங்க ஆளுகளுக்கு மட்டுமில்ல, புளியமரத்து ஆளுக்கும் அக்கரையில சொந்தம் இருக்கா!" என்று இந்தச் செய்தியைக் கேட்டு அவர் சிரித்தார்.

தொடக்கத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு என்றேன் அல்லவா? இந்தச் சிலந்திகள் அழகானவை. அந்த அழகே இவற்றுக்குப் பகை. வளர்ப்புக்காக வெளிநாடுகளில் விலைக்கு விற்கிறார்கள். ஓர் இனத்தின் பெயரும் இடமும் அச்சில் வந்தால் ஆய்வாளர் மட்டும் அல்லர், வியாபாரியும் படிக்கிறார். அதனால்தான் அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், 2019ஆம் ஆண்டு இந்தப் பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள். இனி உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. பெயர் இருந்ததால்தான் பட்டியலில் சேர்க்க முடிந்தது. பெயரில்லாத ஒன்றை எந்தச் சட்டம் காக்கும்?

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பத்தாவிடம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். "புளியமரத்து ஆளு எப்படி இருக்கும், அப்பத்தா?" என்று கேட்டேன். எனக்கு வராத சொற்களெல்லாம் அவருக்கு வந்தன. "முதுகுல இலை மாதிரி கோலம் போட்டிருக்கும். சாம்பலும் கருப்புமா மரப்பட்டை நிறம். பக்கத்துல போனாத்தான் தெரியும். கோவம் வந்து முன்காலைத் தூக்குச்சுன்னா, காலுக்கு அடியில மஞ்சளா இருக்கும், சாமந்திப் பூ மாதிரி. ராத்திரி அரிக்கேன் விளக்கோட மாட்டைப் பார்க்கப் போவேன்ல, அப்ப பொந்து வாசல்ல உட்கார்ந்திருக்கும். நான் அது பக்கம் போறதில்லை, அது என் பக்கம் வர்றதில்லை."

ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா, அறுபது ஆண்டுகளாக ஓர் உயிரைப் பார்த்து வைத்திருக்கிறார். அவருடைய விவரத்தில் 'பயங்கரம்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அது ஹனுமவிலாசுமிகாதானா? நோட்டைப் படித்த சிஸ்டர், "முன்கால் அடியில் மஞ்சள் இந்தப் பேரினத்தில் பல இனங்களுக்கு உண்டு. மாதிரியைப் பார்க்காமல் சொல்லக்கூடாது" என்றுவிட்டார். சரிதான். நான் கொன்றது எது என்பது எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. அந்த விடையை நானே வாரி வெளியே கொட்டிவிட்டேன்.

ஆனால் இன்னொரு புளிய மரம் மிச்சம் இருக்கிறது. அதையும் வெட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பக் கொத்தனாரிடம் அப்பா பேசி முடித்திருந்தார். விடுமுறையின் கடைசி நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, படித்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கோயில் பெயர், சிவப்புப் பட்டியல், மாங்குளம், மன்னார் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். முடிவில், "ஒரு பூச்சிக்காகவா சுவரை நிறுத்தச் சொல்றே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உள்ளேயிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது: "பூச்சிக்காக வேண்டாம்ப்பா. எனக்காக நிறுத்து. நான் இருக்கிற மட்டும் அந்த மரம் இருக்கட்டும்."

அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோனார். மறுநாள் கொத்தனார் வரவில்லை.

அப்பத்தாவுக்கு இப்போது 79 வயது. விடுதிச் சிற்றாலயத்தில் நான் அவருடைய ஆயுளுக்காக இரவுதோறும் செபிக்கிறேன். அந்தச் செபத்தில் மரத்துக்கும் பங்கு உண்டு என்பதை இறைவன் அறிவார். என்றாலும் அப்பத்தாவின் ஆயுளோடு மரத்தின் ஆயுளையும் முடிச்சுப் போட்டு வைப்பது நியாயமில்லை. அவருக்குப் பிறகு அந்த மரத்துக்காகப் பேச ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருப்பேன் என்று அப்பாவிடம் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பிய இரவில், டார்ச் விளக்கோடு அந்த மரத்தடிக்குப் போனேன். மூன்று அடி தள்ளியே நின்றேன். என் தலைக்குமேல் ஒரு முழம் உயரத்தில் பழைய கிளை ஒடிந்த பொந்து. அதன் வாயில் மெல்லிய வெண்பட்டுப்போல் நூல் படிந்திருந்தது. உள்ளே இருட்டு. கால் மணி நேரம் காத்திருந்தேன். எதுவும் வெளியே வரவில்லை. நோட்டில் நாளும் நேரமும் மரமும் பொந்தின் உயரமும் நூலின் நிறமும் எழுதினேன். 'பெயர்' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு துடைப்பம் சாய்ந்திருக்கும். அது அங்கேயே இருக்கட்டும். வீட்டைப் பெருக்க அது வேண்டும். ஆனால் அடுத்த முறை சுவரில் எட்டுக்கால்கள் தெரிந்தால், கையை ஓங்குமுன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை பட்டைகள், என்ன நிறம், எந்தக் கால் நீளம் என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் உங்கள் பயம் பாதியாகிவிடும். அதற்குள் அதுவும் தன் வழியே போயிருக்கும்.